பொண்ணுங்க சரிவு

"நாளைக்கு எழுந்து நின்னு ஒரு வார்த்தை சொல்லிடு, சஃப்தா. அவ்வளவுதான்."

"எந்த வார்த்தை?"

"தெரியாத மாதிரி கேக்காத. என்னையும் சேத்துக்குங்கன்னு சொல்லணும்."

"சொல்றவளுக்குத்தான் அதோட கனம் தெரியும்."

"ஊர்ல யாரும் மாட்டேன்னு சொல்லப் போறதில்ல."

"சொல்ல மாட்டாங்கன்னா எதுக்குக் கேக்கணும்? அவங்களே குடுத்துட்டுப் போகலாமே."

"அது வழக்கம் புள்ள."

"வழக்கம் உங்க ஊருக்கு. என் முதுகுக்கு வேற வழக்கம். கொமரியா இருந்த நாள்லேருந்து அந்தச் சரிவுல குனிஞ்சு குனிஞ்சு நட்டவ நான். இனிமே ஒருத்தன் முன்னாடியும் குனிய மாட்டேன்."

"நிமிந்து நின்னே கேளேன்."

"போய்யா, போய் குதிரைக்குத் தண்ணி காட்டு."

தொவாதரும் அவன் மனைவி சஃப்தாவும் பேசிக்கொண்ட இந்தப் பேச்சை வேலிக்கு இந்தப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த நான் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான்கைந்து பிளம் மரங்களும் ஒரு வேலியும்தான். சஃப்தாவின் குரலுக்கு வேலி ஒரு பொருட்டே அல்ல. புக்காரெஸ்ட் அரசாங்கம் எங்கள் செர்பெஷ்தி ஊருக்குக் காட்டைத் திருப்பிக் கொடுத்த வருடம் அது. எங்கள் அப்பாக்கள் காலத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி பிடுங்கியதை, அந்த ஆட்சி விழுந்து பத்து வருடம் இழுத்தடித்துத் திரும்பத் தந்தார்கள். ஊரே புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஊர்ச் சபைக்குப் போனது. சஃப்தாவும் ரொட்டி சுட்டுப் பூப்போட்ட துண்டில் மூடி எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் மண்டபத்துக்குள் நுழையவில்லை. வாசலில் நின்ற லிண்டன் மரத்தடியில், சபை முடியும்வரை நின்றாள்.

எங்கள் வ்ரான்சா மலையில் காடு தனித்தனி ஆளுக்குச் சொந்தமில்லை, ஊருக்குச் சொந்தம். ஊரில் பிறந்த வயதுவந்தவர்களுக்கெல்லாம் பங்கு தானாக வந்துவிடும். ஊரைவிட்டுப் போனால் பங்கும் போய்விடும். விற்கவோ பிள்ளைக்கு எழுதிவைக்கவோ முடியாது. வெளியூரிலிருந்து வாழவந்தவர்கள் மட்டும் காட்டு மண்ணில் ஒரு கட்டி எடுத்துவந்து, வசந்தச் சபையில் எல்லார் முன்னாலும் வைத்து, தங்கள் வாயால் கேட்க வேண்டும். புருஷன் கேட்டுத் தர முடியாது. கேட்டு இல்லையென்று சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. அப்படிக் கேட்டு வாங்கிய பெண்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். என் அண்ணிகூட அப்படித்தான்.

சஃப்தா கேட்கவில்லை. அந்த வருடமும் கேட்கவில்லை, அதற்கடுத்த வருடங்களிலும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் ரொட்டி சுட்டாள், லிண்டன் மரத்தடியில் நின்றாள். ஒருமுறை பால் வாங்கப் போனபோது அவள் லாயத்தில் குதிரைகளின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "நான் சஃப்தா. தொவாதர் பொண்டாட்டி..." என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இந்த சூருவுக்கு இன்னும் என்னை யாருன்னு தெரியல டீச்சர், அதான் சொல்லிட்டிருக்கேன்" என்றாள். சூரு சாம்பல் நிறக் குதிரை, பிறந்ததே அவள் கையில். நான் பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் சமவெளிக்காரி. சோளமும் வெயிலும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். பழைய ஆட்சியில் மரம் நடுவதற்காக லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய பெண்களில் ஒருத்தி. ஆற்றுக்கு மேலே, பீச் என்கிற அகல இலைக் காட்டு மரங்களை வெட்டி மொட்டையாகக் கிடந்த மலைமுகத்தில், மேலிடத்து உத்தரவுப்படி ஊசியிலை மரக்கன்றுகளை வரிசை வரிசையாக நட்டார்கள். தொவாதரின் அப்பா வீட்டுக் குதிரைகள்தான் கன்றுகளை மேலே சுமந்தன. குதிரையோடு தொவாதரும் ஏறினான். நடவு முடிந்து லாரி கிளம்பியபோது மற்றப் பெண்கள் போனார்கள், சஃப்தா போகவில்லை. அன்றிலிருந்து அந்த இடத்துக்கு ஊரில் பொண்ணுங்க சரிவு என்றுதான் பெயர். குதிரை பூட்டி மரம் இழுக்கிற தொவாதர் குடித்துவிட்டால், "காட்டுலேருந்து நான் இழுத்து வந்ததிலேயே நல்ல சரக்கு இதுதான்" என்று அவளைக் காட்டுவான். அவள் களிக்கட்டையை ஓங்குவாள்.

போன குளிர்காலத்தில் ஒரு காற்று அடித்தது. பொண்ணுங்க சரிவில் பாதி மரங்கள் வேரோடு மல்லாந்துவிட்டன. பீச் மரங்கள் நின்ற பக்கத்தில் ஒன்றும் ஆகவில்லை. விழுந்ததைக் கோடை முடிவதற்குள் வெளியே எடுக்காவிட்டால் பட்டைவண்டு வந்து நிற்கிற மரத்தையும் தின்னும். எடுத்தால் மட்டும் போதாது, விற்கவும் வேண்டும். வெளிநாட்டு மரச்சாமான் கம்பெனிகள் இப்போது முத்திரை இல்லாத மரத்தைத் தொடுவதில்லை. காட்டை ஒழுங்காக வைத்திருக்கிறார்கள் என்று வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து பார்த்துக் கொடுக்கிற முத்திரை. அதோடு நாடு ஐரோப்பாவோடு சேரப்போகிற நேரம். காட்டுச் சட்டம் மாதத்துக்கொரு முறை மாறியது.

எங்கள் சபைத் தலைவர் நெகுலாய், ஜில்லாத் தலைநகரான ஃபொக்ஷானியில் நடக்கிற கூட்டங்களுக்குப் போய், ஒவ்வொரு முறையும் ஒரு புது வார்த்தையோடு திரும்பிவருவார்.

"முன்னே மாஸ்கோ சொல்லுச்சு, புக்காரெஸ்ட் கேட்டுச்சு. இப்ப ப்ரஸ்ஸல்ஸ் சொல்லுது, புக்காரெஸ்ட் கேக்குது," என்றான் தொவாதர், கடைவாசலில். "நம்ம புக்காரெஸ்ட்டுக்குச் சொந்தமா வாய் எப்போ முளைக்கும் நெகுலாயண்ணே?"

"உனக்கு முளைச்சிருக்கிறதே ஊருக்குப் போதும்டா," என்றார் நெகுலாய். "வர்ற வாரம் பாக்க வராங்க. காடு சுத்தமா இருக்கணும். ஈஸ்டருக்கு வீட்டை எப்படி வெச்சிருப்போம், அப்படி."

நாங்கள் அப்படியே செய்தோம். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆண்கள் ரம்பத்தோடும் பெண்கள் முள்வாரியோடும் ஆற்றோரம் முழுக்க இறங்கினோம். உளுத்த கட்டை, பொந்து விழுந்த மரம், பாசி பிடித்த தண்டு எல்லாவற்றையும் இழுத்துக் குவித்து எரித்தோம். பாறைகளுக்கு வெள்ளை அடிக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். நல்லவேளை, சுண்ணாம்பு போதவில்லை. பனி உருகிய ஈரத்தில் காடு முற்றம் பெருக்கியதுபோல் பளிச்சென்று இருந்தது. எங்களுக்கு ஒரே பெருமை.

கடைசி நாளில்தான் அது நடந்தது. ஓடைக்குக் குறுக்கே வில்போல் வளைந்து கிடந்த ஒரு மரத்தைத் தொவாதர் சங்கிலி போட்டு இழுத்தான். அடிவேர் விடுபட்டதும் தண்டு துள்ளி எழுந்து அவன் காலில் விழுந்தது. சஃப்தா முள்வாரியை எறிந்துவிட்டு ஓடினாள். குதிரைகள் மிரளாமல் நின்றன. அதனால்தான் அவனுக்கு உயிர் மிஞ்சியது.

கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கோடை முடியும்வரை எழுந்து நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அடுப்பறைக் கட்டிலில் கிடந்தான். லாயத்தில் சூருவும் அதன் ஜோடி முர்குவும் நின்ற இடத்திலேயே குளம்பால் தரையைக் கிளறின. வைக்கோல் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற மகள் போனில், "வித்துடுங்கம்மா, லாரிக்காரன் வரும்போது குடுத்துடுங்க" என்றாள். லாரிக்காரன் குதிரைகளைக் கறிக்குத்தான் வாங்குகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். சஃப்தா போனை என்னிடம் நீட்டினாள். "நீங்களே பேசுங்க டீச்சர். நான் பேசினா இத்தாலி வரைக்கும் கேக்கும்."

அடுத்த நாள் நெகுலாய் வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சஃப்தா புளிப்புச் சூப்பை ஊற்றிக்கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டுத்தான் வந்த காரியத்தை எடுத்தார்.

"ஒரு சிக்கல். ஓடையோரத்துல டிராக்டர் இறங்கக்கூடாதாம். மண்ணு கெட்டுப்போகும், தண்ணி கலங்கும்னு அவங்க சட்டம். குதிரை மட்டும்தான் இறங்கலாமாம்."

"நல்ல சட்டம்தான்," என்றான் தொவாதர் கட்டிலிலிருந்து. "யாரு போட்டது? குதிரையா?"

"நீ சும்மா இருடா. இந்தப் பள்ளத்தாக்குல ஜோடிக்குதிரை உங்க வீட்டுல மட்டும்தான் மிச்சம். சஃப்தா, உனக்குச் சங்கிலி போடவும் தெரியும், குதிரை உன் பேச்சைக் கேக்கும். கோடை முழுக்க வேலை. கூலி ஊர் குடுக்கும்."

சஃப்தா கரண்டியைத் துடைத்து மாட்டினாள். "ஊர்க்காட்டுல வேலை யாருக்கு நெகுலாயண்ணே?"

அவர் சூப்பைப் பார்த்தார். "பங்குள்ளவங்களுக்கு."

"எனக்குப் பங்கு இருக்கா?"

"கேட்டா உண்டு."

"குதிரை வேணும்னா ஊரும் கேக்கலாமே. எல்லாரும் கூடி வந்து, சஃப்தா, காட்டுக்கு வான்னு."

"ஊர் எப்படிம்மா கேக்கும்? அப்படி வழக்கமே இல்லையே."

"அப்போ குதிரை லாயத்துலயே நிக்கட்டும். இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமா?"

அவர் போன பிறகு தொவாதர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். வைக்கோல் எத்தனை நாள் வரும் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேள் என்று பழைய மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கத்தியிருப்பாள். வீடும் கொஞ்சம் இளகியிருக்கும். அவன் சொல்லவில்லை. காலம் போகப்போக அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதையே அவன் அவளுக்குச் செய்கிற மரியாதையாக ஆக்கிக்கொண்டிருந்தான்.

காட்டைப் பார்க்க வந்தவர் பெல்ஜியத்துக்காரர், ஓதில் என்று பெயர். நாங்கள் டையோடு ஒரு ஆளை எதிர்பார்த்திருந்தோம். வந்தது நரைத்த தலையும் சேற்றுப் பூட்ஸுமாக, மலையேறப் பழகிய ஒரு பெண். பள்ளியில் பிரெஞ்சு சொல்லித்தருகிறவள் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நெகுலாய் பெண்களைப் பூவேலைச் சட்டையோடு வரிசையாக நிறுத்தி, ரொட்டியும் உப்பும் நீட்டச் சொன்னார். ஓதில் பிய்த்துத் தின்றார், நன்றாயிருக்கிறது என்று இன்னொரு துண்டும் கேட்டார். அப்போதே பெண்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஆற்றோரத்துக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"விழுந்த பழைய மரங்களெல்லாம் எங்கே?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டோம்னு சொல்லுங்க டீச்சர்," என்றார் நெகுலாய், நெஞ்சை விரித்து. "ஒரு குச்சி இருக்காது!"

நான் சொன்னேன். ஓதில் மெதுவாகத் தலையில் கை வைத்தார். உளுத்த மரத்தில்தான் மரங்கொத்தியும் வண்டும் தவளையும் வாழ்கின்றன, அதை விட்டுவைக்கத்தான் விதியே இருக்கிறது என்றார். நான் அதை எங்கள் பேச்சில் சொன்னேன்.

எங்களுக்குப் பின்னால் வண்டி நின்றது. தொவாதர் வீட்டில் இருக்க மாட்டேனென்று அடம்பிடித்து, வைக்கோல்மேல் படுத்தபடி வந்திருந்தான். குதிரைகளைச் சஃப்தா பிடித்திருந்தாள். வண்டியிலிருந்து அவன் குரல் வந்தது:

"அப்போ நான் யாருக்காக காலை ஒடைச்சுக்கிட்டேன்? தவளைக்கு எதிராவா?"

முதலில் சிரித்தது நெகுலாய்தான். பிறகு எல்லோரும். ஓதிலுக்கு நான் சொன்னதும் அவரும் சிரித்தார், பிறகு வண்டியருகே போய்க் கட்டுப்போட்ட காலைத் தொட்டுப் பார்த்து, ஏதோ வருத்தமாகச் சொன்னார். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பொண்ணுங்க சரிவின் அடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆட்டுப்பாலில் செய்த சீஸ், வெங்காயம், ரொட்டி, கொஞ்சம் பிளம் சாராயம். மேலே மல்லாந்த மரங்களின் வேர்த்தட்டுகள் மண்ணோடு நின்றன. ஓதில் சாப்பிட்டபடியே பெண்களை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். இந்தக் காட்டில் உங்களுக்குப் பங்கு உண்டா? வாக்கு உண்டா? உண்டு, உண்டு என்று பதில் வந்தது. சஃப்தாவின் முறை நெருங்க நெருங்க நெகுலாய் என் பக்கம் நகர்ந்தார்.

"டீச்சர், அவ என்ன சொன்னாலும் 'உண்டு'ன்னே சொல்லிடுங்க. பங்கில்லாம வேலை வாங்குறோம்னு முத்திரை போயிடும்."

"அந்தம்மாவுக்குப் பாஷைதான் தெரியாது அண்ணே. கண்ணு நல்லாவே தெரியுது."

ஓதில் கேட்டார். சஃப்தா, "இல்ல" என்றாள்.

நெகுலாயின் கையிலிருந்த சீஸ் புல்லில் விழுந்தது. ஓதில் பேனாவை எடுத்தார்.

"எழுதுறதுக்கு முன்னாடி முழுசாக் கேக்கச் சொல்லுங்க டீச்சர்," என்றாள் சஃப்தா. "ஊர் எனக்குத் தரமாட்டேன்னு சொல்லல. நான் இன்னும் கேக்கல."

"ஏன் கேட்கவில்லை?" என்றார் ஓதில்.

அந்தக் கேள்வியை அவளிடம் ஒரு அந்நியர் கேட்டது அதுவே முதல்முறை. புருஷனிடமென்றால் கத்தலாம், நெகுலாயிடமென்றால் மடக்கலாம். சஃப்தா மேலே சரிவைப் பார்த்தாள். கையிலிருந்த லகானைச் சுருட்டினாள்.

"இந்தச் சரிவை யார் நட்டதுன்னு இவங்களைக் கேக்கச் சொல்லுங்க," என்றாள் கடைசியில்.

நான் கேள்வியை முடிக்கக்கூட இல்லை. "சஃப்தாதான்!" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. "சஃப்தாவும் அவகூட வந்த பொண்ணுங்களும்." "இதுக்குப் பேரே பொண்ணுங்க சரிவுதானே." "கல்லுமேல மண்ணை முதுகுல சுமந்து வந்து கொட்டி நட்டாங்க, எங்கப்பா சொல்லுவாரு." நெகுலாய் எழுந்தே நின்றுவிட்டார். "சொல்லுங்க டீச்சர், இந்த மாதிரி நடவு இந்த ஜில்லாவுலேயே கிடையாதுன்னு சொல்லுங்க!"

சஃப்தா எல்லோரையும் பார்த்தாள், அவர்கள் யாரோ புதியவர்கள்போல.

ஓதில் தயங்கியபடி, ஊசியிலை மரத்துக்கு இது இடமில்லை, வேர் மேலோட்டமாகத்தான் போகும், இங்கே பீச் மரத்தைத் திரும்ப வரவிட வேண்டும் என்றார். சஃப்தாவுக்கு முகம் சிவந்தது.

"அப்போ எங்களுக்கு அப்படித்தான் உத்தரவு. தப்புன்னு காத்தே வந்து சொல்லிருச்சு. அதுக்காக என் மரம் இல்லன்னு ஆயிடுமா? பிள்ளை தடுக்கி விழுந்துட்டா பெத்தவ இல்லன்னா சொல்லுவா? விழுந்ததை நான்தான் தூக்கணும்."

நான் மொழிபெயர்த்தேன்.  ஓதில் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துச் சூருவுக்குக் கொடுத்தார்.

ஜூன் தொடக்கத்தில் பதில் வந்தது. முத்திரை உண்டு, இரண்டு நிபந்தனைகளோடு. விழுந்த மரங்களில் ஒரு பங்கைக் காட்டிலேயே விட வேண்டும். காட்டு வேலையில் வாழ்கிறவர்களை, வெளியூரில் பிறந்தவர்கள் என்பதற்காக வெளியே நிறுத்தக்கூடாது. ஊரில் குடியிருந்தாலே பங்கு தர வேண்டும். தள்ளிப்போட்டிருந்த வசந்தச் சபை அந்த ஞாயிற்றுக்கிழமை கூடுவதாக இருந்தது. நெகுலாய் சாயங்காலமே தொவாதர் வீட்டுக்கு ஓடிவந்தார், நான் அங்கேதான் இருந்தேன். சஃப்தா களி கிளறிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுது சஃப்தா! நீ கேக்கவே வேண்டாம். மண்ணு வேண்டாம், நிக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை நான் உன் பேரை வாசிப்பேன், அவ்வளவுதான். திங்கக்கிழமை குதிரையை இறக்கு."

களிக்கட்டை நின்றது.

"யாரு சொன்னா?"

"அவங்கதான். பெல்ஜியத்துலேருந்து."

"நேத்து வரைக்கும் நான் கேட்டாத்தான் உண்டுன்னீங்க. இன்னைக்கு எங்கேயோ உக்காந்து ஒருத்தர் சொன்னதும் சும்மாவே குடுப்பீங்களா?"

"உனக்கு நல்லதுதானேம்மா! இத்தனை வருஷமா இதைத்தானே..."

"என்ன மரம் நடணும்னு எங்கேயோ உக்காந்துதான் ஒருத்தன் சொன்னான். காட்டைப் புடுங்கினதும் அப்படித்தான், திருப்பிக் குடுத்ததும் அப்படித்தான். அந்தம்மா நல்லவங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா என் பங்கு தபால்ல வர வேண்டாம் நெகுலாயண்ணே. என் பேரை நீங்க வாசிச்சீங்கன்னா நான் எழுந்து நின்னு வேண்டாம்னு சொல்லுவேன்."

"அட கடவுளே! குடுத்தாலும் குத்தம், குடுக்காட்டாலும் குத்தம். தொவாதரு, நீயாவது சொல்லேண்டா!"

தொவாதர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தான். மனைவியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். காலொடிந்த நாளிலிருந்து அவன் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் அப்போது வந்தது.

"அப்போ என்ன பண்ணப் போற?" என்று கேட்டான், மெதுவாக.

"களி ஆறிடும். எல்லாரும் சாப்பிடுங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. மண்டபம் பழைய ஆட்சியில் சினிமா காட்டுவதற்காகக் கட்டியது; சாய்வான தரையும் மடக்கு நாற்காலிகளும் இன்னும் இருக்கின்றன. சூருவும் முர்குவும் வண்டியை வாசல்வரை இழுத்துவந்தன. தொவாதரை இரண்டு பேர் தூக்கிவந்து கதவோரம் உட்காரவைத்தார்கள். சஃப்தா குதிரைகளை லிண்டன் மரத்தில் கட்டினாள். பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொட்டியை மூடுகிற பூப்போட்ட துண்டுதான் அவள் கையிலும் இருந்தது. இந்த முறை அதில் ரொட்டியின் வடிவம் இல்லை.

நெகுலாய் நிபந்தனைகளை வாசித்தார். காட்டில் விட வேண்டிய மரத்தைப் பற்றிப் பேச்சு நீண்டது. தவளைகளுக்கும் வாக்கு உண்டா என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கதவு திறந்தது.

நடுவழியில் சாய்தளத்தில் இறங்கி அவள் முன்னால் நடந்தாள். தலையில் புதுத்துணி. அவசரமில்லாத நடை, பாரம் கட்டிய குதிரைக்கு முன்னால் நடப்பாளே அந்த நடை. தொவாதரைக் கடந்தபோது அவனைப் பார்க்கவில்லை. அவன்தான் தொப்பியைக் கழற்றினான். பக்கத்தில் இருந்தவன் அதைப் பார்த்துத் தானும் கழற்றினான். பிறகு ஒவ்வொருவராக எல்லா ஆண்களும்.

மேசை முன்னால் நின்று துண்டை அவிழ்த்தாள். ஒரு கட்டி மண். கறுப்பு ஈர மண். அதில் பழுத்து விழுந்த ஊசியிலைகள் ஒட்டியிருந்தன. மறைக்கவோ தட்டிவிடவோ இல்லை, அப்படியே கொண்டுவந்திருந்தாள். மேசைமேல் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நெகுலாய் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே முர்கு ஒருமுறை கனைத்தது.

அவள் எங்கள் பக்கம் திரும்பி நிமிர்ந்து நின்றாள்.

"நான் சஃப்தா," என்றாள். "தொவாதர் பொண்டாட்டி. சமவெளியிலேருந்து மரம் நட வந்தவ. இது பொண்ணுங்க சரிவு மண்ணு. யாரும் சொல்லி நான் வரல, நானாத்தான் வந்திருக்கேன். உங்ககிட்ட கேக்கறேன், என்னையும் சேத்துக்குங்க."